சாலம்மாள் சொன்ன ஒரே ஒரு ‘ஆமா’

கரியாலூரைத் தாண்டி நாலு வளைவு இறங்கினால் நாவப்பாறை அருவி வரும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போய் நின்றால், அருவியின் சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் சாலம்மாளின் சத்தம் விழும். “மீனு சூடா, மீனு சூடா! கோமுகி டேம் மீனு! தின்னுட்டுக் குளிங்க, குளிச்சுட்டும் தின்னுங்க!” அவள் அப்படி ஒரு குரல் விட்டால் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு வந்தவன்கூட எழுந்து செருப்பைத் தேடுவான். பக்கத்தில் பத்துக் கடைகள் இருந்தன. அவர்களும் கத்தத்தான் செய்தார்கள். ஆனால் கூட்டம் என்னவோ சாலம்மாளின் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றித்தான் நிற்கும்.

ஆள் ஒல்லி, குள்ளம், கறுப்பு. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கோபம் வந்தால் கரண்டியை ஆட்டிப் பேசுவாள். சந்தோஷம் வந்தாலும் அதே கரண்டிதான். அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் எது எதுவென்று கண்டுபிடிக்க முடியாது. இரண்டு கெண்டைக்காலிலும் அட்டை கடித்த தழும்புகள் வரிசையாக இருக்கும். அவை குடகு எஸ்டேட் கொடுத்தவை. கல்யாணமான மறுமாதம் புருஷன் சடையனோடு அங்கே காப்பி பறிக்கப் போனவள், வருஷத்துக்கு எட்டு மாதம் என்று பத்து வருஷம் அங்கேயே கிடந்தாள். ஒழுகுகிற லைன் வீட்டில் படுத்துக்கொண்டு, ‘நம்ம மலையில நம்ம வூட்டுல என்னைக்குடா நிம்மதியாத் தூங்கறது’ என்று அழுத நாட்களைப் பற்றி அவள் யாரிடமும் மறைத்ததில்லை. பாதையோரத்தில் நாலு கழி நட்டு, சாக்கைக் கட்டி, ஒரு சட்டியோடு கடை போட்ட பிறகுதான் அந்த அழுகை நின்றது. சனிக்கிழமை மத்தியான பஸ்ஸில் சடையன் கச்சிராயபாளையம் இறங்கி, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு மீன் வாங்கி வருவான். மசாலா தடவுவது, பொரிப்பது, கத்துவது மூன்றும் சாலம்மாளின் இலாகா.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் தார் ரோடு வந்தது, பெரிய பஸ்கள் வந்தன. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆவதற்கு இரண்டு வருஷம் முந்திய கதை இது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை இரண்டு வேன் வந்தால் அதிசயம். இப்போது பத்துப் பஸ். விழுப்புரம், கடலூர், புதுச்சேரி என்று எல்லா ஊர்க்காரர்களும் ஒரே நேரத்தில் இறங்குவார்கள். ஐந்து மணி நேரம் அருவியை ஆண்டுவிட்டு ஒரே நேரத்தில் ஏறிப் போவார்கள். போகும்போது விட்டுப் போவதை வைத்து அவர்கள் வம்சத்தையே சொல்லிவிடலாம். ஷாம்பு உறை, சோப்பு அட்டை, பிளாஸ்டிக் தட்டு, ஒற்றைச் செருப்பு, உடைந்த பாட்டில். ஒரு முறை பல்செட்டுகூடக் கிடைத்தது. அதைத் தேடி யாரும் திரும்பி வரவில்லை.

சாலம்மாளுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருந்தது. அவளுக்குக் கடை மேலே, வீடு கீழே. அருவித் தண்ணீர் ஓடையாகி, சரிவில் இறங்கி, கால் மணி நேரத்தில் அவள் ஊரான கீழ்நாவலுக்குப் போகிறது. ஊரில் நூற்றுப்பத்து வீடு. குடிக்க, சமைக்க எல்லாவற்றுக்கும் அந்த ஓடைதான். மேலே எவ்வளவு கூட்டமோ அவ்வளவு நுரை கீழே.

ஆடி பிறந்ததும் ஊர்க்கவுண்டர் இருசப்பன் ஊரைக் கூட்டினார். சாலம்மாளுக்கு அவர் மாமா முறை. பேசுவது மெதுவாகத்தான். ஆனால் ஒரு வார்த்தை விட்டால் அதைத் திரும்ப எடுக்கமாட்டார்.

“பானையில நுரை நிக்குது. சோறு வடிச்சா மல்லிப்பூ வாசனை வருது. சோத்துக்கு எதுக்கும்மா மல்லிப்பூ? என் மாடு கண்ணாடிய மிதிச்சு நாலு நாளா நொண்டிக்கினு கெடக்குது. பாதைக்கு முள்ள வெட்டிப் போட்டுட்டு வேலையப் பாப்போம்.”

அருவிக் கேட்டின் சாவி வைத்திருந்த வனத்துறை வாட்சர் பச்சமுத்துவும் வந்திருந்தான். அவனுக்கும் இதே எண்ணம்தான். “மேலதிகாரி சொல்லிட்டாரு. இன்னும் மூணு ஞாயித்துக்கிழமை பாப்பாங்களாம். மூணாவது ஞாயிறும் இப்படியே இருந்தா கேட்டுக்குப் பூட்டுதான். அப்புறம் எப்பத் தொறப்பாங்கன்னு எனக்கே தெரியாது அக்கா” என்று சாலம்மாளைப் பார்த்துத்தான் சொன்னான்.

ஊர் மூன்று ஞாயிறு பொறுக்கச் சம்மதித்தது. சாலம்மாள் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்து அந்தத் தழும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டு விழுந்தால் குடகுதான். பூட்டு விழாவிட்டால் நுரைச் சோறு. பஸ்ஸும் வேண்டும், தண்ணீரும் வேண்டும். இரண்டில் எதை விடச் சொன்னாலும் அவளால் விட முடியாது.

அவள் ஒன்றும் செய்யாமல் இருந்தவள் இல்லை. ‘அருவியில் சோப்பு போடாதீர்கள்’ என்று பெயிண்டில் எழுதி ஒரு தகரம் நட்டுப் பார்த்தாள். அடுத்த வாரமே அந்தத் தகரத்தின் மேல்விளிம்பில் நாலு சோப்பு வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன. துண்டும் தொங்கியது. அன்றைக்குக் கரண்டி ஆடிய ஆட்டத்தைப் பார்த்து மீன் வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார்கள்.

முதல் ஞாயிறு வந்தது. சடையன் காலையில் ஆடுகளுக்காக வேப்பங்குழை ஒடித்துக்கொண்டு வந்தவன், மீன் பெட்டியைத் தூக்க வேண்டியிருந்ததால் குழையைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, அருவிக்கு இறங்கும் பாதையில் இரண்டு பக்கக் கழிகளுக்கும் நடுவே கயிற்றில் தொங்கவிட்டான். ஆடு எட்டாத உயரம், அவ்வளவுதான் அவன் கணக்கு. ‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்று போனவன் வழக்கம்போல மறந்துவிட்டான்.

முதல் பஸ் நின்றது. தங்கதுரை ஆள் சேர்த்துக் கூட்டிவரும் ‘ஒருநாள் டூர்’ பஸ். தங்கதுரை கள்ளக்குறிச்சிக்காரன். வாரத்துக்கு மூன்று பஸ் கொண்டுவருவான். மைக் இல்லாமல் அவனுக்குப் பேச வராது. அன்று இறங்கிய முதல் அம்மாள், குழைத் தோரணத்தைப் பார்த்ததும் நின்றாள். சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள்.

“ஏம்மா, காப்பு கட்டிட்டாங்களா இந்த ஊர்ல?” என்று சாலம்மாளைக் கேட்டாள்.

சாலம்மாள் அப்போது கொதிக்கிற எண்ணெயில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள். கேட்டது பாதிதான் காதில் விழுந்தது. “ஆமா” என்றாள்.

அந்த ஒரு வார்த்தை பஸ் பஸ்ஸாகப் பரவியது. மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊர் என்றால் சமவெளிக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. செருப்பெல்லாம் பாதை ஓரத்தில் குவிந்தது. பாட்டில் கொண்டுவந்த புதுச்சேரிப் பையன்கள் பையோடு அதை டிரைவரிடம் கொடுத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ‘ஆத்தா தண்ணி, சோப்பு போடாதே’ என்று பெண்டாட்டிகள் புருஷன்களை அதட்டினார்கள். தகரத்துக்குக் கிடைக்காத மரியாதை ஆட்டுத் தீவனத்துக்குக் கிடைத்தது. சாயங்காலம் பச்சமுத்து சாக்கோடு அருவிக்கரையில் குப்பை பொறுக்க வந்து, அரைச் சாக்குக்கூட நிறையாமல் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

சாலம்மாளுக்கு விஷயம் புரிந்தபோது சிரிப்புத் தாங்கவில்லை. அந்தச் சிரிப்பு ஊருக்குப் போய்ச் சேர்கிறவரைதான் இருந்தது.

ஊர் எல்லையிலேயே இருசப்பன் நின்றுகொண்டிருந்தார். கூட ஊரே நின்றது.

“ஏம்மா, காப்பு கட்டியாச்சுன்னு சொன்னியா?”

“நான் எங்க மாமா சொன்னேன்? அவங்க கேட்டாங்க. ஆமான்னேன்.”

“ஆமான்னா இன்னா அர்த்தம்?”

“ஆமான்னுதான் அர்த்தம்” என்றாள்.

“அப்பக் கட்டியாச்சு.” இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “ஆத்தா பேர்ல வாய் வுட்டுச் சொன்னா சொன்னதுதான். செவ்வாக்கிழமை கயிறு கட்டறோம். அடுத்த செவ்வாய் திருவிழா.”

அந்த ஊர் வழக்கம் அது. விளையாட்டாகச் சொன்னாலும் சரி, தூக்கத்தில் உளறினாலும் சரி, காப்பு என்று வாயிலிருந்து வந்துவிட்டால் ஊர் கட்டுப்பட்டாக வேண்டும். போதாததற்கு, மேலத் தெருவும் கீழத் தெருவும் ஒத்துப்போகாமல் மூன்று வாரமாகத் திருவிழாவுக்கு நாள் குறிக்க முடியாமல் கிடந்தது. இவள் ஒரு வாயில் குறித்துவிட்டாள். இரண்டு தெருவும் சேர்ந்து அவளைத் திட்டியதில்தான் அந்த வருஷம் ஊரில் ஒற்றுமையே வந்தது.

ஆனால் அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. “காப்பு கட்டுன வூட்ல எண்ணெய்ச் சட்டி ஏறக்கூடாது. தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. கவுச்சி ஆகவே ஆகாது. மொதல் கயிறு உன் கையிலதான்” என்றார் இருசப்பன்.

சாலம்மாளின் முகம் தொங்கிவிட்டது. மீனும் போச்சு, சட்டியும் போச்சு, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போச்சு. அந்த நிலையிலும் அவளுக்கு மூளை ஓடியது.

“சரி மாமா. காப்பு கட்டுன ஊர்ல வழிய அடைக்கலாமா?”

அடைக்கக்கூடாது. ஆத்தாள் எந்த உருவத்தில் எந்த வழியாக வருவாளோ என்பதால், அந்த எட்டு நாளும் எந்தப் பாதையிலும் முள் போடக்கூடாது, வந்தவரை விரட்டக்கூடாது. அதுவும் அதே ஊர் வழக்கம்தான்.

“வாயாடி” என்றார் இருசப்பன். திட்டுவதுபோலத்தான் சொன்னார். ஆனால் போகிற வழியெல்லாம் சிரித்துக்கொண்டு போனார்.

இரண்டாவது ஞாயிறு சாலம்மாள் கையில் மஞ்சள் கயிறும், வயிற்றில் எரிச்சலுமாகக் கடையில் உட்கார்ந்தாள். சட்டி கவிழ்ந்து கிடந்தது. அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்தது. பச்சை மிளகாயும் உப்பும் வைத்து நசுக்கிய துவையல், கேழ்வரகுக் கூழ், சின்ன வெங்காயம், பலாச்சுளை. ஆத்தாள் பேரில் நேர்ந்த நாட்களில் பிளாஸ்டிக் தட்டில் கொடுக்க மனசு வராமல், மந்தாரை இலை தைத்து வைத்திருந்தாள். தங்கதுரை வந்து பார்த்துவிட்டு, “இன்னா அக்கா, மீன் இல்லையா? மீனச் சொல்லித்தானே டிக்கெட்டே போட்டேன்!” என்று தலையில் கை வைத்தான். பாதிப் பேர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள். மீதிப் பேர் கிழங்கு தின்றார்கள். பெரிய வியாபாரம் என்று சொல்ல முடியாது.

மறுநாள் காலை அவளும் பச்சமுத்துவும் குப்பை பொறுக்கினார்கள். பொறுக்கிக்கொண்டே வந்தவள் கடைக்குக் கீழே இருந்த பள்ளத்தருகே அப்படியே நின்றுவிட்டாள். வாரா வாரம் மீன்முள்ளும் மசாலாவுமாகப் பிளாஸ்டிக் தட்டுகள் மலைபோல் கிடக்கும் இடம் அது. இப்போது நாலு மந்தாரை இலையை ஆடு தின்றுகொண்டிருந்தது. வேறொன்றும் இல்லை.

“பச்சமுத்து, இவ்வளவு நாளு இங்க கெடந்த தட்டெல்லாம் யாருதுடா?”

பச்சமுத்து அவளைப் பார்க்காமல், “உங்களுதுதான் அக்கா” என்றான். “சொன்னா கரண்டியத் தூக்குவீங்கன்னு சொல்லல.”

ஒரு வருஷமாக அந்தப் பஸ்காரர்களைத் தான் வைத வசவெல்லாம் சாலம்மாளுக்கு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது. அன்று முழுக்க யாரோடும் அதிகம் பேசவில்லை. சடையன் பயந்துபோய்க் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

செவ்வாய்க்கிழமை திருவிழா நல்லபடியாக நடந்தது. புதன்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். மூன்றாவது ஞாயிறு வந்துவிட்டது.

அன்று ஆடிக் கூட்டம். பதினோரு பஸ். மேலதிகாரி மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்ததால், பச்சமுத்து கேட்டருகில் கையில் பூட்டோடு நின்றான். தங்கதுரை பஸ்ஸிலிருந்து குதித்து நேராகச் சாலம்மாளிடம் வந்தான்.

“அக்கா, இன்னும் ஒரு கொத்து வேப்பங்குழ கட்டுங்க. ஒரே ஒரு கொத்து. யாரு கேக்கப் போறா? வாராவாரம் கட்டுவோம், கம்முனு இருப்பானுங்க.”

அவளுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. குழை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஆனால் அவள் தலையை ஆட்டினாள்.

“தெரியாம சொன்னேன், ஆத்தா பொறுத்துக்கினா. தெரிஞ்சே சொன்னா பொறுப்பாளா? அவள வாரா வாரம் இங்க காவலுக்கு நிக்க வெக்கச் சொல்றியா? போ தம்பி.”

அருவியில் கூட்டம் நெருக்கியடித்தது. தோரணம் இல்லை, காப்பு இல்லை. அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. விழுப்புரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் ஒரு பெரிய உடம்புக்காரர் பாறைமேல் நின்று தலையிலிருந்து தொப்பைவரை நுரை பொங்கத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் பையைத் திறந்தார்கள்.

சாலம்மாள் அடுப்பை அணைத்தாள். கடையிலிருந்த சொம்பை எடுத்துக்கொண்டு, சேலையைத் தூக்கிச் செருகி, கூட்டத்தைப் பிளந்துகொண்டு தண்ணீரில் இறங்கினாள். குளிக்கிற தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஓடையாகத் திரும்புகிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு பாறைமேல் ஏறி நின்றாள். நுரை மிதந்து வந்தது. அதை ஒதுக்காமல் அப்படியே சொம்பில் மொண்டாள். மீன் விற்ற அதே குரலில் கத்தினாள்.

“எல்லாரும் இங்க பாருங்க! இந்தத் தண்ணி கால் மணி நேரத்துல எங்க ஊருக்குப் போவுது. எங்களுக்கு வேற தண்ணி கெடையாது. நான் வூட்டுக்குப் போயிக் குடிக்கப்போறதும் இதத்தான். அத இங்கியே குடிச்சுட்டுப் போறேன்.”

அண்ணாந்து குடித்தாள். அவசரப்படாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தாள். சொம்பைக் கவிழ்த்துக் காட்டினாள்.

ஐந்நூறு பேர் நின்ற இடத்தில் அருவி மட்டும் கேட்டது. பையைத் திறந்தவர்கள் மூடினார்கள். பாத்திரக்கடைக்காரர் மட்டும் நுரையோடு பாறைமேல் மாட்டிக்கொண்டார். தண்ணீருக்குள் போகவும் முடியாது, அப்படியே நிற்கவும் முடியாது. ஒரு கண் எரிந்தது.

“அக்கா, மன்னிச்சுக்குங்க. இப்ப நான் எப்படிக் கழுவிக்கிறது?” என்றார் பாவமாக.

“தண்ணியில கால வெக்காதீங்க!” என்று கரையிலிருந்து அவர் பெண்டாட்டி கத்தினாள்.

சாலம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட்டத்துக்கும் வந்துவிட்டது. “இந்தப் பக்கமா வாங்கண்ணே” என்று அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் இருந்த வாழைக்கொல்லையில் நிறுத்தினாள். சடையன் இரண்டு வாளித் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினான். நுரை ஓடைக்குப் போகாமல் வாழை மண்ணிலேயே இறங்கியது. அவர் குளித்து முடிப்பதற்குள் பின்னால் ஆறு பேர் துண்டோடு வரிசையில் நின்றார்கள்.

மத்தியானம் மேலதிகாரி வந்தபோது அங்கே கேட்ட கூப்பாடு புதிதாக இருந்தது. “சோப்பு போடறவங்க எல்லாம் வாழைக்கு வாங்க! சும்மா குளிக்கிறவங்க அருவிக்குப் போங்க! மீனு சூடா!” மந்தாரை இலையில் மீன் வாங்கித் தின்றபடி அவர் பாதையெல்லாம் நடந்து பார்த்தார். பச்சமுத்துவைக் கூப்பிட்டு, பூட்டைத் தூக்கிக்கொண்டு ஏன் அலைகிறாய் என்று கேட்டார். ஒரு நேரத்தில் ஐந்து பஸ்ஸுக்குமேல் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். தங்கதுரை முணுமுணுத்தான். பிறகு பஸ்களைச் சனிக்கிழமைக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பிரித்துவிட்டான்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்றைக்கும் யாராவது ஒருத்தன் ஷாம்பு உறையைக் கிழிக்கத்தான் செய்கிறான். கரண்டியும் ஆடத்தான் செய்கிறது. வாழைக்கொல்லையில் இப்போது தார்ப்பாய் மறைப்பு இருக்கிறது. கடைக்காரர்கள் பதினோரு பேரும் இலைக்கு மாறிவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் சாலம்மாள் வீட்டுக்கு வந்தபோது வயிறு ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருசப்பன் ஓமம் கொடுத்தனுப்பியிருந்தார். சடையன் அதை நீட்டினான். அவள் வாங்காமல் ஓடைக்கு இறங்கி, ஒரு கை மொண்டு குடித்தாள். இன்னொரு கை மொண்டு, மெதுவாகக் குடித்தாள்.

“இன்னாடி, காலையில குடிச்சது பத்தலையா?” என்றான் சடையன் கரையிலிருந்து. “எப்படிக் கீது?”

சாலம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

“தண்ணியாட்டம் கீது” என்றாள்.